தரங்கம்பாடியும் கோடியக்கரையும்: நான்கு நாளுக்கு இரண்டு ஊர் போதும்

ஜனவரிக் கடைசியில் நான்கு நாள் விடுப்பு, எழுபதைக் கடந்த அம்மாவும் பள்ளியில் படிக்கும் மகளும் உடன் வருகிறார்கள், சென்னையிலிருந்து புறப்பட்டுப் பிச்சாவரம், பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை எல்லாவற்றையும் அலைச்சல் இல்லாமல் பார்த்துவர வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது ஊரை நான்கு நாளில் அடைத்தால் அலைச்சல்தான் மிஞ்சும். நீங்கள் உண்மையில் விரும்புவது ஓய்வு என்றே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். முதல் இரண்டு இரவு தரங்கம்பாடியில் தங்குங்கள். மூன்றாம் இரவு கோடியக்கரையில், இடம் கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில். ஒன்றிரண்டு ஊர்கள் வழியிலேயே வரும். மற்றவற்றைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

இப்படிப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் கடற்கரையின் நேரக் கணக்கு. அந்த மாதத்தில் அங்கே சூரியன் உதிக்க ஆறரை ஆகும். ஐந்தே முக்காலுக்கே கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். ஒன்பது மணி வரை கரை கரையாக இருக்கும்: காற்று குளிர்ச்சி, மணல் ஈரம், படகுகள் திரும்பும் நேரம். பத்து மணிக்கு மேல் கண் கூசுகிற வெளிச்சமும் காலைச் சுடுகிற மணலும்தான். மறுபடி நான்கு மணிக்குப் பிறகே மனிதர் நடமாட முடியும். ஆக ஒரு நாளுக்கு ஐந்தரை மணி நேரக் கடற்கரைதான் நமக்குக் கிடைக்கிறது. வழக்கமான சுற்றுலாத் திட்டத்தில் காலை எட்டரைக்குப் பலகாரம் முடித்து, ஒன்பதரைக்கு அறையைக் காலி செய்து, உச்சி வெயிலில் ஒவ்வொரு கரையாக இறங்கி ஏறுவார்கள். பூம்புகாரில் பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் அதை மத்தியானம் ஒரு மணிக்குப் பார்த்தவர்கள். கரைக்கு நடந்துபோகிற தூரத்தில் படுக்கை இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. காலையும் மாலையும் கரைக்கு, நடுப்பகல் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் என்று நாள் தானாகவே பிரிந்துகொள்ளும்.

நீங்கள் தேர்ந்த காலம் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வாடைக் காற்று இன்னும் விலகாமல், வானம் தெளிந்திருக்கும். டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும். சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள், காரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். நாட்காட்டியில் இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தை அமாவாசை அந்த நான்கு நாளுக்குள் விழுந்தால் பூம்புகார், வேதாரண்யம், கோடியக்கரை மூன்றிலும் கடல் நீராட வருகிற கூட்டம் நிரம்பி வழியும். பயணத்தை ஒரு வாரம் தள்ளுங்கள். பௌர்ணமி விழுந்தால் விடாதீர்கள். இது கிழக்குக் கரை, பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்தே எழும்பும். அடுத்த நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதித்து, நன்றாக இருட்டிய பிறகு வரும். எனக்கு அந்த இரண்டாம் நாள் நிலாவைத்தான் அதிகம் பிடிக்கும். கரும்பலகை போன்ற கடலில் முதலில் ஒரு செந்நிறக் கறை தெரியும், பிறகு அது நகரும். சனி ஞாயிறைத் தவிர்த்து வார நாட்களில் வர முடிந்தால் இன்னும் நல்லது.

மயிலாடுதுறை வரை ரயிலில் வாருங்கள். சென்னையிலிருந்து காரில் வந்தால் அம்மாவுக்கு முதல் நாளே இடுப்பு வலி வந்துவிடும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர் அளவுதான், வாடகைக் காரில் ஒரு மணி நேரம். செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகப் போகிற இந்தச் சாலையிலேயே திருக்கடையூர் வருவதால் கோயிலுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள நாடெங்கிலுமிருந்து வருகிறவர்கள் காலையிலேயே கூடிவிடுவார்கள். மாலையும் கழுத்துமாக வயதான தம்பதி பலகையில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையில் நின்று கலசத் தண்ணீரை ஊற்றுவார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டே அவர்கள் சிரிப்பதை உங்கள் அம்மா நிச்சயம் ரசிப்பார். முகூர்த்த நாளாக இருந்தால் தரிசனத்துக்கு நேரமாகும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடிக்குள் 1792 ஆம் ஆண்டு கட்டிய வாயில் வழியாக நுழைவீர்கள். அதிலிருந்து நேராகப் போகிற ராஜ வீதி கடலில் போய் முடிகிறது. நடுவில் இருக்கிற அவ்வளவு ஊரையும் நிதானமாக நடந்தாலே அரை மணிக்குள் கடந்துவிடலாம். தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620 இல் டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845 இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அச்சு வேலை 1715 இல் முடிந்தது. அவர் 1718 இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவருடைய கல்லறையும் இருக்கிறது. ஆலயத்துக்கும் கோட்டைக்கும் சில நிமிட நடைதான். கரையோரத்தில் 1306 இல், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைப் பழுதுபார்த்து, அலையைத் தடுக்க முன்னால் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். இருப்பதைச் சுற்றிப் பார்க்க மூன்று மணி நேரம் போதும். அதனாலேயே இரண்டு நாளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். முதல் நாள் மாலை கோட்டையும் கரையும் மட்டும். இரண்டாம் நாள் மாலை ஆலயமும் வீதிகளும். கோட்டைக்குள்ளிருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

இரண்டாம் நாள் காலைதான் இந்தப் பயணத்தின் உயிர். அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். உதயத்தைப் பார்த்த கையோடு அறைக்குத் திரும்பிவிடாமல், ஃபைபர் படகுகள் கரையேறுகிற பக்கமாக நடந்துபோய் ஓரமாக உட்காருங்கள். வலையிலிருந்து நண்டு எடுப்பதை உங்கள் மகள் பார்க்க வேண்டும். நண்டு தன் பத்துக் காலாலும் நைலான் கண்ணிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கும். இழுத்தால் வலை கிழியும், அவசரப்பட்டால் கொடுக்கு கையைப் பிடிக்கும். அவர்கள் முதலில் பின்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு காலாக மடக்கிக் கண்ணியை உருவுவார்கள். கடைசியில் கொடுக்கை ஒரு திருப்புத் திருப்புவார்கள், நண்டு மணலில் வந்து விழும். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே செய்வார்கள். அதன் பிறகு ஏலம். பெண்கள்தான் கூறு போட்டுக் குரல் கொடுப்பார்கள், வாங்குகிறவர்களிலும் பாதிக்கு மேல் பெண்கள். பரப்பியிருக்கிற வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், காயப்போட்ட கருவாட்டைத் தாண்டாதீர்கள், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். இந்த மூன்றையும் கவனித்தால் யாராவது அவர்களாகவே உங்களோடு பேச்சுக் கொடுப்பார்கள். பாடு (அன்றைய மீன் வரத்து) எப்படி என்று கேட்டாலே போதும். காற்று வாடையா கொண்டலா என்பதிலிருந்து டீசல் விலை வரைக்கும் கதை நீளும்.

சாப்பாட்டைப் பற்றியும் அங்கேயே முடிவுசெய்துகொள்ளலாம். தங்கும் இடத்தில் காலையிலேயே மதியச் சமையலுக்குச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு எது வந்ததோ அதைக் கேளுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நின்றால் ஐஸ் பெட்டியில் கிடந்தது தட்டுக்கு வரும். நெத்திலியும் சங்கராவும் கானாங்கத்தையும் அன்றன்றைக்கு வருபவை. சுவையில் அவை எதற்கும் குறைந்தவை அல்ல. கோடையில் வர நினைக்கிற மற்றவர்களுக்கும் ஒரு தகவல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகுகள் போகும் என்றாலும் மீன் வரத்து குறைந்திருக்கும்.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆகவே தண்ணீர் திடீரென்று உள்வாங்கி ஏமாற்றாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கலங்கலாக, அமைதியாகத் தெரியும். குழந்தைகள் அங்கேதான் இறங்க ஆசைப்படுவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துக்கொண்டு போகும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, மிதந்தபடி பக்கவாட்டில் விலகி, இழுவை விட்ட பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். ஆற்று முகத்துவாரத்தில் இறங்கவே வேண்டாம், பூம்புகாரில் காவிரி சேருமிடம் உட்பட. கொட்டிய பாறைகள் மேல் பாசி படிந்திருக்கும், அவற்றில் ஏறி நின்று படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். மகளுக்கு முழங்கால் ஆழம் போதும், அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

பூம்புகாரைச் சேர்க்கலாமா? மகள் பாடத்தில் சிலப்பதிகாரம் படிக்கிறாள் என்றால் இரண்டாம் நாள் மூன்று மணிக்குப் புறப்பட்டுப் போய்வாருங்கள், அன்றைய வீதி உலாவை விட்டுவிடுங்கள். 1973 இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கதை முழுவதையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று தங்கும் இடத்தில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கிருந்து கரையோரமாக முகத்துவாரத்தைப் பார்க்கலாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 இல் திறந்து ஜனவரி 28 இல் மூடுவார்கள். நீங்கள் போகிற சமயத்தில் காவிரி ஓடுவதே தெரியாத அளவுக்கு மெலிந்திருக்கக்கூடும். குடகில் பிறந்து டெல்டா முழுவதையும் ஊட்டிவிட்டு வருகிற ஆறு இவ்வளவுதானா என்று மகள் கேட்டால், வழியில் பார்த்த நெல்லைக் காட்டுங்கள். ஆனால் பாடமும் இல்லை, ஆசையும் இல்லை என்றால் தரங்கம்பாடியிலேயே இருந்துவிடுங்கள். நான் அதைத்தான் விரும்புவேன்.

மூன்றாம் நாள் காலையையும் கரையில் கழித்துவிட்டுப் பத்தரைக்குக் கிளம்புங்கள். பயணத்தை நடுப்பகலில் வைத்துக்கொள்வதால் கரையின் நேரம் எதுவும் வீணாவதில்லை. கோடியக்கரைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் இந்தச் சாலையிலேயே வரிசையாக வரும். ஒன்றில் மட்டும் இறங்குங்கள். என்னைக் கேட்டால் நாகூர். சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் மனோரா எனப்படும் கோபுரங்கள் ஐந்து, உயரமானது 131 அடி. எல்லா மதத்தினரும் வந்து உட்காருகிற நிழலான, குளிர்ந்த இடம். அம்மாவுக்குக் கால் ஆற்றிக்கொள்ள ஏற்றது. இறால் வைத்துச் சுட்ட வாடா என்னும் பலகாரம் கடைகளில் கிடைத்தால் வாங்குங்கள், சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். அம்மாவுக்கு வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டுதல் இருந்தால் நாகூரை விட்டுவிட்டு அங்கே இறங்குங்கள். இரண்டிலும் இறங்கினால் மாலை கைநழுவும்.

வேதாரண்யத்தைக் கடந்ததும் நிலத்தின் முகமே மாறிவிடும். பச்சை முடிந்து உப்பளம் தொடங்கும், கண்ணுக்கெட்டியவரை பாத்திகள். அகஸ்தியம்பள்ளியில் காரை நிறுத்துங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து புறப்பட்டவர்கள் மாதக் கடைசியில் இங்கே வந்து உப்பு அள்ளினார்கள். அதற்கான நினைவுத் தூண் நிற்கிறது. தூணைப் பார்த்த பிறகு பாத்தியோரம் நின்று வேலையையும் பாருங்கள். மழை வடிந்த பிறகு சேற்றை அள்ளிப்போட்டு, தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். தரை இறுகாவிட்டால் உப்போடு சேறும் சேர்ந்து வரும். அந்தத் தரை மேல் உப்புநீரைப் பாய்ச்சி, வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அறுவடையின் உச்சம் கோடையில்தான். ஜனவரியில் போகிறவர் பார்ப்பது அதற்கு முந்தைய உழைப்பை. வெறுங்காலில் உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் நிற்கிறவர்களின் பாதங்களைப் பார்த்த பிறகு, சாப்பாட்டு மேசையில் உப்பைச் சிந்த மனம் வராது.

கோடியக்கரையில் கரை திரும்புகிறது. வங்காள விரிகுடாவை ஒட்டி நேராகத் தெற்கே வந்த கடலோரம் இங்கே மேற்கே மடங்கிப் பாக் நீரிணையைப் பார்க்கிறது. ஆகவே கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கே சதுப்பு நிலம். உதயம் கடல் மேல், அந்தி சதுப்பு மேல். 1967 இல் அறிவித்த சரணாலயம் இது. 2002 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடும், அதை அடுத்து வெட்டவெளிப் புல்வெளியும் இருக்கின்றன. அந்தப் புல்வெளியில்தான் வெளிமான்கள் மேயும். ஆண் மானுக்குக் கரிய முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கிய கொம்பு. பெண்ணும் குட்டியும் பழுப்பு நிறம். நான்காம் நாள் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் அவை நிழலுக்கு ஒதுங்கிவிடும். காட்டுக் குதிரைகளையும் பார்ப்பீர்கள், யாரோ எப்போதோ விட்டுப்போய்ப் பெருகியவை. மானுக்குரிய புல்லை அவையும் மேய்கின்றன, பரவிவிட்ட சீமைக்கருவேலம் புல்வெளியையே சுருக்குகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது வேதாரண்யம் பக்கத்தில்தான், அப்போது இந்தக் காடு பட்ட அடி கொஞ்சநஞ்சமல்ல. இவற்றுக்கெல்லாம் நடுவில் பிழைத்திருக்கிற மான்கள் இவை. அருகில் போய் விரட்ட வேண்டாம் என்று மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பறவைகளுக்கு ஒரு பைனாகுலர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பூநாரைக் கூட்டம் தொலைவில் ஒரு வெளிறிய கோடாகவே தெரியும். பைனாகுலரில் பார்த்தால் தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டுவதும், காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே வட்டமாக நகர்வதும் தெரியும். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் இருந்தால் அருகே வரும், ஆழம் கூடினால் எட்டப் போய்விடும். எனவே அந்த வார நிலவரத்தை வனத்துறைக் காவலரிடமே கேளுங்கள், உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூநாரையோடு நிறுத்திவிடாமல் சேற்றில் ஓடுகிற உள்ளான்களையும் கவனியுங்கள். கைப்பிடிக்குள் அடங்குகிற இந்தக் குருவி அளவுப் பறவைகள் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல பத்தாண்டுகளாக அவற்றின் காலில் வளையம் மாட்டி வழித்தடத்தைப் பின்தொடர்கிறார்கள். பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடும் காலமும் ஜனவரியில் தொடங்கிவிடும். இரவில் கரையில் டார்ச் அடித்துத் தேடிப் போகாதீர்கள், வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. குஞ்சு விடுகிற நாள் இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை தரங்கம்பாடியில் பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், அறைகள் குறைவு, முன்னதாகவே பதிவு செய்யுங்கள். கடல் தெரியும் அறை பெரும்பாலும் மாடியில் இருக்கும், அம்மாவால் படி ஏற முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் தரைத்தளத்தில் தாழ்வாரம் உள்ள அறை அதைவிட மேல். கோடியக்கரையில் வனத்துறை ஓய்வு இல்லம் இருக்கிறது, அதற்கு நாகப்பட்டினத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் எளிமையான விடுதிகள் உண்டு, பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான், ஆட்டோ போகும். மழைக்குப் பிந்தைய காலம் என்பதால் கொசு இருக்கும். அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மணலில் கால் புதைந்து முதியவர்களுக்கு மூச்சு வாங்கும், அலை தொட்டுப்போன ஈர மணலில் அவர்கள் நன்றாகவே நடப்பார்கள்.

திரும்புவதற்கு நாகப்பட்டினத்திலிருந்து இரவு ரயில் பிடிக்கலாம். நான்காம் நாள் மதியம் வரை கோடியக்கரையில் ஓய்வெடுத்துவிட்டு மாலையில் காரில் கிளம்பினால் போதும். மகளுக்கு ரயில் என்றால் உயிர் என்றால் இன்னொரு வழியும் உண்டு: 2023 இல் அகலப் பாதையாக மீண்டும் திறந்த திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிப் பாதை உப்பள ஓரத்திலேயே முடிகிறது. வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

கடைசியாகப் பிச்சாவரம். அது கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சிதம்பரத்தை ஒட்டி இருக்கிறது. இந்தப் பயணத்தில் செருகினால் முதல் நாள் மாலை முழுவதும் போய்விடும், அலையாத்திக் காட்டையும் வெயில் நேரத்தில்தான் பார்ப்பீர்கள். சிதம்பரத்தில் இரண்டு இரவு தங்குகிற மாதிரி வேறொரு சமயம் வாருங்கள். முந்தைய நாளே விசாரித்து வைத்துக்கொண்டு, காலை முதல் படகில் ஏறுங்கள். மோட்டார் படகைத் தவிர்த்துத் துடுப்புப் படகைக் கேளுங்கள், குறுகிய கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும்.